இலைக்காக வைத்த வாழை

மனைவி இறந்த மறு வருஷம், ஈப்போ வீட்டு முன்பக்கம் ஒரு வாழை வைக்கலாமென்று பீடோரில் ஒரு செடிக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாள் பழத்துக்காக வளர்க்கும் பீசாங் மாஸ் கன்றைக் காட்டினார், பிறகு பெராங்கானைக் காட்டினார். நான் 'பீசாங் பத்து' என்ற ரகத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அண்ணே, அது பழம் பூரா கல்லு மாதிரி வெதை லா. யாரு சாப்பிடுவா?"

"எனக்கு எலதாங்க்கா வேணும்."

பீசாங் பத்து இலை அகலமானது, மடித்தாலும் சட்டென்று கிழியாது. ஆனால் உண்மையான காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. நான் ஒண்டி ஆள். ஒரு தார் மாஸ் பழுத்தால் பாதி அழுகித்தான் போகும். இலையோ நம்மவர்கள் வீட்டில் எப்போதும் தேவை. வெள்ளிக்கிழமைப் படையல், புரட்டாசி விரதம், யார் வீட்டிலாவது திதி. கேட்க வருவார்கள், வந்தால் நாலு வார்த்தை பேசுவார்கள். நான் வாழை வைத்ததே ஆள் வரட்டும் என்றுதான்.

வந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை ஐந்து இலை கேட்டு வந்தவள், உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து, மாமியாரைப் பற்றி முக்கால் மணி நேரம் புலம்பிவிட்டுப் போனாள். போகும்போது அந்தச் சந்தோஷத்தில் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"இதுக்கெல்லாம் கேக்கணுமாம்மா? ஒங்க வீட்டு மரம்னு நெனைச்சி எப்ப வேணும்னாலும் வெட்டிக்க. மத்தவங்ககிட்டயும் சொல்லிரு."

நம் ஆட்களுக்கே உள்ள வியாதி இது. பெரிய மனசைக் காட்டாவிட்டால் தூக்கம் வராது.

சொன்னபடியே செய்தார்கள். வேலிக்கு வெளியே நின்றபடி எட்டி வெட்டிக்கொண்டு போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். நானாகக் கூப்பிட மானம் இடம் கொடுக்கவில்லை. பொங்கலன்று மட்டும் ஆறு பேர் வந்து போனார்கள், ஒருவர்கூடக் குரல் கொடுக்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது?

கடைசியில் கடப்பாரையை எடுத்தேன். ஒரு பக்கக்கன்றைப் பெயர்த்துச் சமையற்கட்டுக்குப் பின்னால் நட்டேன். எங்களுடையது வரிசை வீடு. பின்சந்துக் கதவைப் பூட்டிவிட்டால், அங்கே போக வீட்டுக்குள் நுழைந்துதான் ஆகவேண்டும். பூட்டினேன். கன்று தேறி நல்ல இலையாக விட்டதும் முன்மரத்தை அடியோடு எடுத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுப் பெண் வேலியோரம் திகைத்து நின்றாள்.

"அண்ணே! அண்ணே! மரம் எங்கண்ணே?"

"பின்னால இருக்கும்மா, உள்ள வா" என்றேன். குரல் சரியாக வரவில்லை. முந்தாநாளிலிருந்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.