கனத்த பையோடு வந்தவர்

ரமோனா கிஹாடா இருபது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்சீட்டில் எவன் சிகரெட் பற்றவைக்கப் போகிறான் என்பதை, கண்ணாடியில் அவன் கழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். ஓய்வு பெற்றதும் டூசான் நகருக்கு மேற்கே இருக்கும் எங்கள் பாலைவனப் பூங்காவில் சம்பளமில்லாத வழிகாட்டியாகச் சேர்ந்தாள். பழக்கம் மட்டும் போகவில்லை. வருகிறவர்களுக்குக் காட்டுப்பன்றி மண்டையோட்டைக் காட்டிக்கொண்டே அவர்கள் கைகளைக் கவனிப்பாள்.

அந்த வசந்தத்தில் கள்ளித்தோட்டத்திலிருந்து சில சின்ன உருண்டைக் கள்ளிகள் காணாமல் போயின. திருட்டுக் கள்ளிக்கு நல்ல விலை உண்டு. அதே சமயம்தான் எலிசியோ வர ஆரம்பித்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தோளில் ஒரு துணிப்பை. எல்லோரும் மலைச்சிங்கக் கூண்டின் முன்னால் நின்றுவிடுவார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே கள்ளிகளிடம் போவார்.

அவர் வெளியே போகும்போது பையைச் சோதிக்கும்படி வாசல் காவலாளி சூயியிடம் சொன்னாள் ரமோனா. அதில் தண்ணீர் பாட்டிலும் பழைய செய்தித்தாளும் ஒரு கரண்டியும்தான் இருந்தன. தயிர் சாப்பிடுவதற்கு என்றாராம்.

"சரின்னு அனுப்பிட்டேன்க்கா," என்றான் சூயி.

"கரண்டியில மண்ணு இருந்துச்சா?"

சூயி யோசித்தான். இருந்ததாம்.

"மண்ணு அள்ளுன கரண்டியிலயா தயிர் சாப்பிடுவான்? போடா."

அடுத்த முறை அவர் வந்தபோது பின்னாலேயே போனாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, புதர் மறைவில் முட்டி போட்டு, கரண்டியால் தோண்டினார்.

"கைய வெளிய எடுங்க ஐயா."

கையில் முஷ்டி அளவு கள்ளி இருந்தது. பிடுங்கவில்லை, நடுகிறேன் என்றார். அவள் நம்பவில்லை. அவர் பையைத் திறந்தார். செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கள்ளிகள், வேரில் காய்ந்த மண்ணோடு இருந்தன. அன்று தோண்டியவை அல்ல.

அவர் மனைவி அம்பாரோ ஒரு காலத்தில் இதே தோட்டத்தில் வழிகாட்டியாக இருந்தவள். ஜனவரியில் இறந்துபோனாள். இறப்பதற்கு முன் ஒன்று சொன்னாளாம்.

"வீட்டுல இருக்கற கள்ளியில சிலது நம்முது இல்ல, திருப்பி வெச்சிடுன்னா. எதுன்னு சொல்லல. நானா பார்த்துக் கொண்டாறேன்."

கள்ளித்தோட்டப் பொறுப்பாளர் டேரலிடம் விஷயம் போனது. வெளிச்செடியோடு பூச்சியும் வந்துவிடும் என்று, எலிசியோ நட்டதையெல்லாம் டேரல் தோண்டித் தனியே வைத்தான். பிறகு ரமோனாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான்.

முற்றம் முழுக்கத் தொட்டிகள். மூன்றை மட்டும் டேரல் எடுத்துக்கொண்டான். பூங்காவில் முன்பு வளர்த்த அபூர்வ வகை. இந்த வசந்தத்தில் காணாமல் போனவை எதுவும் அங்கே இல்லை. மற்றவை எந்தக் கடையிலும் கிடைப்பவை. வாங்கினவையா, எடுத்தவையா என்று தன்னால் சொல்ல முடியாது என்றான்.

எலிசியோ வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தொட்டிக்கும் அம்பாரோ ஒரு கதை சொல்லியிருக்கிறாள். இது நொகாலஸ் சந்தையில் வாங்கியது, அது தங்கை கொடுத்தது, இது நம் கல்யாண நாளுக்கு. அத்தனையும் இப்போது அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. மகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

"கல்யாண நாளுக்கு வாங்கினது எது?" என்றாள் ரமோனா.

சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு நின்ற பீப்பாய்க் கள்ளியைக் காட்டினார்.

"அது வாங்கினதுதான் ஐயா. இவ்ளோ பெருச எவளால தூக்கி மறைக்க முடியும்?"

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் இருவருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

திரும்பும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே டேரல், அந்தக் கள்ளிக்கு நாற்பது வயதாவது இருக்கும், கல்யாண நாளன்று அது உள்ளங்கைக்குள் அடங்கியிருக்கும் என்றான்.

"தெரியும்," என்றாள் ரமோனா. "ரோட்டப் பாத்து ஓட்டு."