எம்பிக்கு அவள் எழுதிய குறிப்பு

1. பாதிப் பக்கம்

"ஸ்டெல்லாம்மா, அடுத்த வாரத்துலேர்ந்து குறுக்கெழுத்த ஒரு வாரம் நீங்க போடுங்க. ஒரு வாரம் திண்டிவனத்துப் பொண்ணு ஒண்ணு போடட்டும்."

ஆசிரியர் இதைச் சொன்னபோது நான் கண்டாச்சிபுரத்திலிருந்து வந்த கறவை மாட்டு விளம்பரத்தை டைப் செய்துகொண்டிருந்தேன். மூன்று கன்று ஈன்ற மாடு என்பதற்கு 'மூன்றாம் ஈற்று' என்று அடிக்க வேண்டியதை 'மூன்றாம் ஈட்டி' என்று அடித்தேன். அப்படியே அச்சாகிவிட்டது. மாட்டுக்காரர் போன் போட்டுத் திட்டினார்.

விழுப்புரத்தில் எங்கள் வார இதழுக்கு ஒரு மாடி அறைதான் அலுவலகம். வரி விளம்பரம் வாங்குவது என் வேலை. முன்பு குறுக்கெழுத்து போட்டவர் உடம்பு முடியாமல் நின்றபோது, "உங்களுக்குத்தான் தமிழ் வருமே" என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். முதலில் சுமையாக இருந்தது. பிறகு அதற்காகத்தான் ஆபீசுக்கே போனேன். பஸ்ஸில் வரும்போது கடைப் பலகைகளைப் படித்து எழுத்துகளை எண்ணுவேன். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதுகூட மனசு கட்டம் போடும்.

"என் மேல ஏதாவது கம்ப்ளைண்டா சார்?"

"சேச்சே. அந்தப் பொண்ணு பேரு சுகந்தி. கோர்ட்டுல ஸ்டெனோ. ரெண்டு கட்டம் அனுப்பியிருக்கு. நல்லா இருக்கு. ஆனா பேரு வெளிய வரக்கூடாதாம். கவர்மெண்டு வேலை, பர்மிஷன் இல்லாம எழுதினா பேஜாரு. நமக்குள்ளயே இருக்கட்டும்."

நாங்கள் குறுக்கெழுத்துக்குப் பெயர் போடுவதே கிடையாது. என் பெயரும் வந்ததில்லை. அதனால் எந்த வாரம் யார் போட்டது என்று வெளியே தெரியாது. எங்கள் வீட்டில் மட்டும் தெரிந்துவிட்டது.

2. வீட்டில் ஒரு வாசகர்

என் வீட்டுக்காரர் லூர்து, ஜங்ஷனில் ரயில் பெட்டிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒரு தட்டு வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, வைத்துக்கொண்டு குறுக்கெழுத்தைப் பிரிப்பார். தொலி உரிப்பதும் விடை எழுதுவதும் ஒரே வேகத்தில் நடக்கும். தட்டு காலியாவதற்குள் முடித்துவிட்டு, "ம், ஆச்சு" என்பார். பாராட்டு அவ்வளவுதான். எனக்கு அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

சுகந்தியின் முதல் கட்டம் வந்த ஞாயிறன்று தட்டு காலியாகிவிட்டது, கட்டம் நிறையவில்லை. மனுஷன் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

"ஏ ஸ்டெல்லா! பின்னிட்ட போ! இத்தினி வருஷமா இத எங்க ஒளிச்சி வெச்சினு இருந்த?"

"அது நான் போட்டது இல்லீங்க."

"பின்ன?"

"திண்டிவனத்துல ஒருத்தி."

அவர் திரும்பவும் கட்டத்தைப் பார்த்தார். "ஓகோ" என்றார். அந்த 'ஓகோ'வில் இருந்த மரியாதையை எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்டதில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதல் கேள்வி, "இந்த வாரம் உன்னுதா, அந்தம்மாவுதா?" என்னுடையது என்றால் மல்லாட்டையோடு முடிந்துவிடும். அவளுடையது என்றால் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போவார். பெட்டிக்கு அடியில் குனிந்து சக்கரம் பார்க்கும்போது ஒரு விடை, டீ குடிக்கும்போது ஒரு விடை. புதன்கிழமை வரைக்கும் அந்தக் காகிதம் பையில் இருக்கும். சட்டையைத் துவைக்கப் போடும்போது நான்தான் எடுத்து வெளியே வைப்பேன்.

ஒருநாள் சொன்னார்: "திண்டிவனம் பக்கந்தான? ஒருவாட்டி போயி அந்தம்மாவ பாத்துட்டு வரலாமா?"

"நீங்க எதுக்கு?"

"சும்மா, நல்லா போடறீங்கன்னு சொல்லிட்டு வரலாம்னு."

"எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்."

அன்றைக்குக் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன். அவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

3. எ, காலிக் கட்டம், பி

புதிதாக வேலைக்கு வந்து இதைப் படிக்கும் பிள்ளைகளில் யாராவது கட்டம் போட்டுப் பார்த்தால் தெரியும். நல்ல நீளமான வார்த்தைகளை எல்லாம் உட்கார வைத்த பிறகு மூலையில் இரண்டு மூன்று கட்டம் மாட்டிக்கொள்ளும். முதல் கட்டத்தில் 'எ', மூன்றாவதில் 'பி', நடுவில் காலி. அங்கே வேறென்ன போடுவது? அந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது பழைய செய்யுளில் சுருங்கிக் கிடக்கும் சின்ன வார்த்தைகள்தான். 'யார்' என்பதை 'ஆர்' என்று சுருக்குவார்கள். 'உன் தம்பி' என்றால் 'உம்பி'. 'என் தம்பி' என்றால் 'எம்பி'. யாரும் பேசுவதில்லை, ஆனால் அகராதியில் இருக்கிறது. ஆகவே யாரும் சண்டைக்கு வர முடியாது.

நான் எம்பியைப் பல தடவை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே குறிப்பு: 'என் தம்பி (செய்யுள் வழக்கு)'. பழைய வாசகர்கள் அதைப் பார்த்ததும் யோசிக்காமல் எழுதிவிடுவார்கள். அதில் எனக்கு வெட்கம் ஏதும் இல்லை. மூலை நிறைந்தால் சரி.

சுகந்திக்கும் ஒரு வாரம் அதே மூலை மாட்டியது. பக்கம் லே-அவுட்டுக்கு வந்ததும் மேலிருந்து கீழ் குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன்.

'பழம்பாடலில் என் தம்பி. இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை தெருவுக்கு வருகிறார் (3).'

எம்பி. எம்.பி.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் என் பழைய குறிப்பு ஞாபகம் வந்தது. அதே மூன்று எழுத்து. இத்தனை வருஷம் என் கையில் இருந்தது. வீட்டில் டிவியைப் போட்டால் 'எம்.பி. எம்.பி.' என்று கத்துகிறார்கள், எங்கள் பேப்பரின் முதல் பக்கத்திலேயே வாரம் தவறாமல் வருகிறது. அந்த இரண்டும் ஒன்று என்று என் காதில் விழவே இல்லை. அவள் காதில் விழுந்திருக்கிறது.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனேன். இதைவிட நல்ல குறிப்பு ஒன்று எழுதிவிட வேண்டும் என்று வாரம் முழுக்க முயன்றேன். 'எம்பிக் குதி'யை வைத்துப் பார்த்தேன். தம்பியையும் தும்பியையும் சேர்த்துப் பார்த்தேன். எல்லாமே அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தால் சப்பென்று இருந்தது.

4. மூன்று பேர் வந்தார்கள்

பேப்பர் வந்த மறுநாள் காலை ஆசிரியர் வெளியூர் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். வெள்ளைச் சட்டையில் மூன்று பேர் மாடியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் எங்கள் இதழ், குறுக்கெழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி மடித்திருந்தது.

"ஏம்மா, இத யாரு எழுதனது?"

"எதுங்க?"

"நடிக்காதம்மா. அஞ்சு வருஷத்துக்கு ஒருவாட்டி தெருவுக்கு வர்றாராம். எங்க அண்ணன் போன மாசம் கூட வந்துட்டுப் போனாரு. அவரு இன்னா ஒனக்குத் தம்பியா?"

"அது பொதுவா போட்டதுங்க. எந்த எம்.பி.ன்னு சொல்லலையே."

"தொகுதிக்கு எத்தினி எம்.பி. இருக்காங்க? ஒருத்தருதான? பேரச் சொல்லு. எழுதனவங்க யாரு, இன்னா வேலை பாக்கறாங்க, எல்லாம் தெரியணும். நாங்க பேசிக்கிறோம்."

பின்னால் நின்றவர் செல்போனைத் தூக்கி என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சுகந்தி என்ற பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. கோர்ட் ஸ்டெனோ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், மறுநாளே மொட்டைக் கடிதம் போகும், விளக்கம் கேட்பார்கள். அதற்கப்புறம் அவள் எழுத மாட்டாள். எல்லா ஞாயிறும் திரும்ப எனக்கே வரும். இதெல்லாம் அந்த நிமிஷத்தில் மனசில் ஓடியது என்பது உண்மை.

"நான்தாங்க எழுதினேன்" என்றேன்.

அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பிறகு ஆசிரியர் நினைத்துக்கொண்டார். பாதிதான் சரி. மீதிப் பாதி வேறு. அந்தக் குறிப்பு என்னுடையதாக இருந்திருக்கக்கூடாதா என்று ஒரு வாரமாக வெந்துகொண்டிருந்தவள் நான். யாரோ வந்து இது யாருடையது என்று கேட்டால், வாயிலிருந்து வேறென்ன வரும்? சொன்ன அந்த நொடியில், திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இனித்தது.

அவர்கள் நிறையப் பேசினார்கள். ஆபீசைப் பூட்டிவிடுவோம் என்றார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்கள்.

5. சால்வை

ஒரு வாரம் பயத்தோடு போனது. பிறகு எம்.பி.யின் உதவியாளர் ஆசிரியருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்தை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, எம்.பி. பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். அடுத்த வாரம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் எங்கள் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். அன்று மிரட்டிய அதே மூன்று பேர் பின்னால் கைகட்டி நின்றார்கள்.

"எங்கம்மா, என்னத் தம்பியாக்கின அக்கா?" என்று கேட்டுக்கொண்டே சால்வையைப் பிரித்தார்.

"சார், இது நான் ஒருத்தி மட்டும் போடறது இல்ல. இன்னொருத்தரு இருக்காங்க. இது அவுங்க எழுதினது. பேரு சொல்ல முடியாது" என்றேன். ஆசிரியர் என் காலை மிதித்தார்.

"சரிம்மா, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்" என்று என் தோளில் போட்டுவிட்டார். போட்டோ எடுத்தார்கள். அது எங்கள் பேப்பரிலேயே முதல் பக்கத்தில் வந்தது. படத்துக்குக் கீழே என் பெயர் இருந்தது. இன்னொருத்தர் இல்லை.

அந்தச் சால்வையை வீட்டில் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இன்னொருத்தியின் மூளைக்குக் கிடைத்ததை நான் போர்த்திக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்க்கப் பார்க்க அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது. அந்த வார விடுமுறையில் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். அமாவாசை என்பதை மறந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு முழுக்க மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம், எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாக. அந்த நெரிசலில், போனில் சொல்லிவைத்திருந்தபடி ஜூஸ் கடை வாசலில் சுகந்தி நின்றிருந்தாள். அன்றுதான் முதல் தடவை நேரில் பார்க்கிறேன். நாற்பது வயசு இருக்கும். சோடாபுட்டிக் கண்ணாடி. லூர்து இவளைப் பற்றி என்ன கற்பனை செய்து வைத்திருந்தாரோ, இந்தக் கண்ணாடியைக் கற்பனை செய்திருக்க மாட்டார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்குக்கா? உங்களுக்குத்தான போட்டாங்க."

"உன் குறிப்புக்குத்தாம்மா போட்டாங்க. நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதான் அன்னிக்கு நான் சொன்னேன்."

"தெரியும்க்கா. சார் சொன்னாரு. நன்றிதான் சொல்லணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆனா அந்தப் போட்டோவ பாத்ததுலேர்ந்து சோறு எறங்கலக்கா. உங்க பேரு இருக்கு. எங்க வூட்ல அத எங்கிட்டயே காட்டி, 'பாரு, இந்தம்மா எவ்ளோ அறிவா எழுதியிருக்காங்க'ன்றாரு எங்க வூட்டுக்காரரு. அவருக்கே தெரியாதுக்கா நான் எழுதறது. தெரிஞ்சா நாலு பேருகிட்ட பெருமையா சொல்லிடுவாரு, வேலை போயிடும்."

நீட்டிய பையைக் கீழே இறக்கினேன். பிறகு சொன்னேன்: "எங்க வூட்டுக்காரரு உன் கட்டத்த சட்டப் பையில வெச்சினு திரியறாரு. எனக்கும் ரொம்ப நாளா எறங்கல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் முகத்தில் ஏதோ தெளிந்தது.

"நிசமாவாக்கா?"

"நிசமாத்தான். அது சரி, அந்த எம்பி உனக்கு எப்படித் தோணுச்சு?"

"நான் வாய்விட்டுச் சொல்லிப் பாப்பேங்க்கா. கோர்ட்டுல நாளெல்லாம் காதுல கேக்கறததான எழுதறேன். நீங்க அகராதியப் பாத்துப் போடறீங்க. அதுல அர்த்தம் இருக்கும், சத்தம் இருக்காது."

கோபம்தான் வந்தது. சரியாகச் சொன்னதால் வந்த கோபம். கடைசியில் சால்வையை அவள் வாங்கிக்கொண்டாள். வீட்டில் என்ன சொல்லி வைத்துக்கொண்டாளோ தெரியாது.

6. எந்தை

அதற்குப் பிறகு ஆபீசில் தனியாக இருக்கும் நேரத்தில் வார்த்தைகளை உரக்கச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தேன். விளம்பரம் கொடுக்க வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பல மாதம் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் மூலையில் 'எந்தை' வந்து மாட்டியது. 'என் தந்தை' என்பதைச் சுருக்கிய பழைய சொல். எந்தை, எந்தை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். 'எந்த' என்ற கேள்வி அதற்குள் இருந்தது. மீதி 'ஐ'. ஐ என்றால் பழந்தமிழில் தலைவன்.

'எந்தத் தலைவன் என்றா கேட்கிறாய்? என்னைப் பெற்றவர்தான், செய்யுளில் (3).'

அச்சுக்குப் போகும் முன் சுகந்திக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். வேறு யாரிடம் காட்டியிருந்தாலும் எனக்கு அது போதாது.

அந்தப் பக்கம் அவள் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. பிறகு, "நல்லா இருக்குக்கா" என்றாள். மெதுவான குரல். உடனே, "இந்த எந்தைய நான் ரெண்டு தடவ போட்டிருக்கேன். எனக்கு ஏன்க்கா இது தோணல?" என்றாள்.

அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போனை வைத்துவிட்டு, வெகுநாள் கழித்து மதியச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது எல்லா வாரமும் சுகந்திதான் போடுகிறாள். ஞாயிறன்று பேப்பர் வந்ததும் நானும் பிரிக்கிறேன். நல்ல குறிப்பு கண்ணில் பட்டால் இன்னமும் வயிறு எரிகிறது. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். உங்களைவிட நன்றாகச் செய்கிற ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், பொறாமையே இல்லை என்று நடிக்காதீர்கள். அதை வைத்துக்கொண்டு அவரிடமே போய், எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். கேட்கும்போது கஷ்டமாகத்தான் இருக்கும்.