இரத்தோட்டையிலிருந்து அலுவிகாரைக்கு ஒரு சீமெந்துப் படத்தோடு

இன்று அலுவிகாரைக்குப் போய் வந்தேன். வீட்டில் மேலதிக வகுப்பு என்று சொல்லியிருந்தேன். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். படம் வரையும் யாராவது அங்கே போக நினைத்தால் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அங்கே ஓர் அக்கா, கட்டடங்களைக் கட்டடச் சாமான்களாலேயே வரைகிறார்: சீமெந்து, செங்கல் தூள், சுண்ணாம்பு, தார். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கான பாடத் தெரிவுப் படிவம் கொடுக்க வேண்டும். அப்பா வர்த்தகம் என்கிறார், எனக்குச் சித்திரம். விஷயம் தெரிந்த ஒருவர் என் படத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று கிளம்பினேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரத்தோட்டைக்கு நாற்பது நிமிட நடை. 7.10 பஸ்ஸில் மாத்தளைக்கு முக்கால் மணி நேரம், எண்பது ரூபா. அங்கிருந்து தம்புள்ளை பஸ்ஸில் பத்து நிமிடம், முப்பத்தைந்து ரூபா. விகாரைக்கு முந்திய தரிப்பிடத்தில் இறங்க வேண்டும்.

அக்காவின் கொட்டகைச் சுவரில் அவர் வரைந்த மாத்தளை பஸ் நிலையம் சாய்ந்திருந்தது. தூண்கள் சலித்த சீமெந்து, நிழல்கள் கரண்டியால் இழுத்த தார். நான் அட்டையில் சீமெந்தால் வரைந்த தேயிலைத் தொழிற்சாலையைக் காட்டப் பையைத் திறந்தேன். அட்டைதான் இருந்தது. தொழிற்சாலை பையின் அடியில் தூளாகக் கிடந்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். "பேக்டரிய வீட்லயே விட்டுட்டு வந்திட்டியா?"

"பஸ்ல உதிர்ந்திருச்சுக்கா."

"எப்படி காயவெச்ச?"

"அடுப்புக்கு மேல, ரெண்டு நாள்."

"இது என்ன தேயிலையா? சீமெந்துக்குத் தண்ணி காட்டணும்மா."

அப்பாவுக்குத் தேயிலை உலர்த்தும் அறையில் வேலை. சூடு காட்டினால் எதுவும் கெடாது என்று நம்பி வளர்ந்தவள் நான். வெட்கத்தில் திரும்பிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் ஒரு பலகை கேட்டேன். கோழிவலை அடித்த பலகை ஒன்றைத் தந்துவிட்டு அவர் தன் வேலைக்குப் போய்விட்டார். ஒரு மணிவரை நானே சீமெந்து குழைத்து, பூசி, ஆணியால் தொழிற்சாலையின் ஜன்னல்களைக் கீறினேன்.

அக்கா வந்து நெடுநேரம் பார்த்தார். "இத நீ விட்றாத. ஏழு நாளைக்கு காலையில ஒருக்கா, அந்திக்கு ஒருக்கா தண்ணி ஊத்து. இல்லாட்டி இதுவும் கொட்டிரும்."

"இங்கேயே வைக்கலாமாக்கா?"

"நான் நாளைக்கு கொழும்பு போறேன். வர பத்து நாளாகும்."

ஈரச் சாக்கில் சுற்றி, திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர், "என்ன தங்கச்சி, பஸ்ஸுக்குப் பூச்சு வேலையா?" என்றார். முன் சீட்டில் சிரித்தார்கள்.

போகிறவர்கள் அக்கா கொழும்பிலிருந்து திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை ஒன்பது மணிக்குள் போங்கள். பழைய உடுப்பு போடுங்கள். கையுறை கொண்டு போங்கள். என் விரல்கள் இன்னும் எரிகின்றன.

படம் இப்போது கட்டிலுக்கடியில் இருக்கிறது. சாக்கிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் ஓடுகிறது. எல்லாரும் ஒன்றாகத் தூங்கும் இந்த லயத்து அறையில் இதை ஏழு நாள் ஒளிக்க முடியாது. ஒளித்துக் காயவிட்டால் உதிர்ந்துவிடும். எனக்கு அப்பாவிடம் பயம்தான். விடிந்ததும் படத்தை வாசலுக்கு எடுத்துப் போய், அவர் பார்க்கவே தண்ணீர் ஊற்றுவேன். எங்கே போனேன் என்றும் சொல்வேன். படிவத்தில் சித்திரம் என்று பேனாவால் எழுதிவிட்டேன். அப்பாவின் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது.