இருபத்து மூன்றாவது ராடு

போன வருடம் சித்திரை மாதம். நாமக்கல் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றிப்போனதால், போர் போட ரிக் வண்டி வந்திருந்தது. நான் வீட்டுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் புது ஓவியர்களுக்காக வருடாவருடம் நடக்கும் கண்காட்சி ஒன்றுக்கு நான் அனுப்பிய ஓவியம், இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. ஓவியக் கல்லூரியில் படித்து முடித்து மூன்று வருடம் ஆகியும் ஒரு சுவரில்கூட என் படம் ஏறவில்லை. "அடுத்த வாட்டியும் ஆகலீன்னா பேசாம பி.எட். சேந்துக்கோ சாமி" என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

திரும்பி வந்த ஓவியத்தில் இருந்ததும் ரிக் வண்டிதான். ஆறடி அகலத்தில், புழுதி பறக்கப் பூமியைத் துளைக்கும் வண்டி. எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ரிக்தானே, அதையே வரைவோம் என்று மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தது. கூடத்தில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன்.

ரிக்கை இயக்கித் துளை போடும் டிரில்லர், காபி குடிக்க வந்தவர், அதன் முன்னால் நின்றார். என் வயதுதான் இருக்கும். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஏனுங்க, ஜாக்கி எறக்காமயே போர் போடறீங்களே, வண்டி சாஞ்சிராதுங்களா?" என்று சிரிக்காமல் கேட்டார்.

துளை போடுவதற்கு முன் வண்டியைத் தரையில் ஊன்றி நிறுத்தும் இரும்புக் கால்கள்தான் ஜாக்கி. என் படத்தில் அவை மேலே தூக்கியபடி இருந்தன. ஷெட்டில் சும்மா நின்ற வண்டியைப் போனில் படம் பிடித்து, அதைப் பார்த்து வரைந்து, புழுதியை மட்டும் நானாகச் சேர்த்திருந்தேன்.

சுருக்கென்றது. ஓவியத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் பொருமினேன். ஆனால் ரிக் வண்டிகளுக்கு நடுவிலேயே வளர்ந்தும், ஒரு போர் போடுவதை முழுதாக நின்று பார்த்ததில்லை என்பது உறைத்தது. வீம்புக்குத்தான் வெளியே போனேன்.

சாமி கும்பிட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, ஜாக்கியை இறக்கியதும் வண்டி முழங்க ஆரம்பித்தது. முதலில் செம்மண் புழுதி. அடுத்த ராடு இறங்கியதும் மஞ்சள். பிறகு சுண்ணாம்பு வெள்ளை. துளைக்குள் ஒன்றன் மேல் ஒன்றாகப் பூட்டி இறக்கும் இரும்புக் குழாய்தான் ராடு; ஒன்று இருபது அடி. கீழே போகப் போக நிறம் மாறுவதைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடிப்போய்க் காலி முட்டை அட்டை ஒன்றை எடுத்து வந்து, ராடுக்கு ஒரு குழி என்று தூளை அள்ளி நிரப்பினேன். தலை முதல் கால் வரை புழுதி. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். வெகு நேரம் சாம்பல் நிறமே வந்தது. இருபத்து மூன்றாவது ராடில் திடீரென்று பழுப்புத் தூள், அதன் பின்னாலேயே தண்ணீர்! அப்பா நனைந்துகொண்டே நின்றார்.

அந்தத் தூளைச் சலித்து, வேலம் பிசினில் குழைத்து, ஒரு முழ அகலத் துணியில் மேலிருந்து கீழாக, ராடுக்கு ஒரு பட்டை என்று பூசினேன். கடையில் வாங்கிய பெயின்ட் ஒரு சொட்டுகூட இல்லை. முதல் துணி காய்ந்து வெடித்துக் கொட்டியது. பிசினைக் கூட்டிக் குறைத்து, நான்காவது துணியில்தான் தூள் நின்றது.

இந்த வருடம் அதே கண்காட்சிக்கு அது தேர்வானது. உத்தரத்திலிருந்து தரை வரை, வாசலுக்கு நேர் எதிரே தொங்கியது. சலவை வேட்டியில் வந்த அப்பா, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "எங்க தோட்டத்து மண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பி.எட். பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

டிரில்லரையும் அழைத்திருந்தேன். மேலிருந்து கீழாக விரலைக் காற்றில் நகர்த்தி ஒவ்வொரு பட்டையாக எண்ணினார். தண்ணீரைப் பற்றி நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. பழுப்புப் பட்டைக்கு நேரே விரல் நின்றது.

"இங்கதானுங்க தண்ணி வந்துச்சு" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜாக்கி இறக்காத பழைய ஓவியத்தை நான் திருத்தவே இல்லை. என் அறையில் அப்படியே மாட்டியிருக்கிறேன்; புதிதாக ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம் அதை ஒரு தரம் பார்ப்பேன், பிறகு பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவேன்.