சர்ட்டிபிகேட்டுக்கு ஆள் பிடித்த கதை

பள்ளிக்கூடத்தில் தொழிற்கல்வி டீச்சர் என்பவர் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்காரர் மாதிரி; கரன்ட் போகிற வரைக்கும் அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. இலுப்பூர் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் எலக்ட்ரிகல் பிரிவு என் பொறுப்பு. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டு வயரிங் சொல்லிக் கொடுக்க வேண்டும். படிப்பு முடிவதற்குள் வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் அவர்களை நிறுத்தித் திறன் சான்றிதழும் வாங்கித் தர வேண்டும். சான்றிதழ் வாங்கித் தருவதில் பெரிய கஷ்டம் இல்லை. வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைப்பதில்தான் ஆவி போய்விடும். இதே வேலையில் மாட்டிக்கொண்ட சக டீச்சர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்களாவது நான் சொல்வதை நம்புவீர்கள்.

படிக்கிற பிள்ளை

அட்மிஷன் நாளில் ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு மேசை போடுவார்கள். என் மேசை குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அதனால் என்னிடம் நிறையப் பேர் வருவார்கள். டம்ளர் எங்கே என்று கேட்பார்கள். அப்படித் தண்ணீர் குடிக்க வந்த உரக்கடைக்காரர் ஒருவர், நிழலாக இருக்கிறதே என்று என் முன்னால் உட்கார்ந்துவிட்டார். வந்தவரை விடுவேனா? வயரிங் சான்றிதழ் இருந்தால் எங்கெங்கே வேலை கிடைக்கும், மேலே டிப்ளமோ எப்படிச் சேரலாம், சொந்தமாக எப்படிக் கடை போடலாம் என்று இருபது நிமிடம் மூச்சு விடாமல் சொன்னேன். மனிதர் நடுவில் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. இரண்டு சந்தேகம்கூடக் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்து விண்ணப்பத்தை எடுத்துப் பேனாவையும் திறந்துவிட்டேன். அவர் எழுந்து, உண்மையான மரியாதையோடு கும்பிட்டார்.

"நீங்க சொன்னது அத்தனையும் சத்தியம் டீச்சர். எங்க பக்கத்து வீட்டுக்காரவுகளக் கண்டிப்பா அனுப்பி வைக்கிறேன். எம்மகன் நல்லாப் படிக்கிறவன்."

ஒரே போட்டோ

அந்த வருடம் பதினெட்டுப் பையன்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண் சேர்ந்தாள். பெயர் தேன்மொழி. வீட்டில் சொல்லாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்பது, அவள் அம்மா மலர்க்கொடி அடுத்த வாரம் வகுப்பு வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா குவைத்தில் டிரைவர்; வீட்டில் எல்லா முடிவும் இந்த அம்மாதான். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு டீச்சர் கரன்டு வேலை?" என்றார். "நானும் பொம்பளதாங்க" என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "நீங்க டீச்சரு" என்றார், அது வேறொரு பிறவி என்பதைப் போல. மகள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த பிறகு சமாதானம் ஆனார்.

மறு வருடம் சான்றிதழ்த் தேர்வுக்குப் பதிவு செய்ய பாஸ்போர்ட் அளவு போட்டோ கேட்டேன். தேன்மொழி கொண்டு வந்த போட்டோவில் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, நெற்றிச்சுட்டி, பின்னால் ஸ்டூடியோக்காரர் வைத்த நீர்வீழ்ச்சி. கம்ப்யூட்டர் அதை மூன்று தடவை திருப்பி அனுப்பியது. அம்மாவுக்குப் போன் போட்டு, சாதாரண யூனிபாரத்தில் எடுத்தால் போதும் என்று விளக்கினேன்.

"சர்ட்டிபிகேட்டுக்கும் ஆகும், நாளைக்கு ஜாதகத்தோட குடுக்கவும் ஆகும்னுதான் டீச்சர் ஒரே செலவா எடுத்தேன்."

ஸ்டாஃப் ரூம் ஃபேன்

எங்கள் கணக்கு சாருக்கு என் லேப் என்றால் இளக்காரம். "ஸ்குரூவ முறுக்குறதுக்கு எதுக்கு டீச்சர் பரீட்சை?" என்பார். பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, என் பீரியடில் ஆள் அனுப்பிப் பிள்ளைகளை ஸ்பெஷல் கிளாஸுக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவார். தலைமையாசிரியரிடம் போனேன். "நீங்களே பேசித் தீத்துக்குங்க" என்று அவர் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டாஃப் ரூம் வயரிங்கைப் பயிற்சிக்காக மாற்றிக் கொடுத்தோம். மாடிப்படி விளக்கைக் கீழே ஒரு சுவிட்சிலும் மேலே ஒரு சுவிட்சிலும் போட்டு அணைப்போமே, அந்த முறையை அன்று நடத்தியிருந்தேன். வகுப்பில் பூபதி என்று ஒரு பையன். சொல்லிக் கொடுத்ததை உடனே செய்து பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. கணக்கு சார் தலைக்கு மேல் ஓடும் ஃபேனுக்கு ஒரு சுவிட்சை அவர் பக்கத்திலும், இன்னொன்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் என் லேபிலும் வைத்துவிட்டான். எனக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் இதை நம்ப வேண்டும். அதன்பிறகு சார் ஆள் அனுப்பினால் ஃபேன் நிற்கும். அவர் தன் சுவிட்சைத் தட்டி ஓட விட்டாலும் உடனே மறுபடி நிற்கும். ஆள் வெறுங்கையோடு திரும்பிப் போனால் ஓடும். மாசி மாத வெயில். நான்காவது நாள், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, சாரே லேப் வாசலுக்கு வந்தார்.

"இனிமே புள்ளைகளக் கூப்பிட மாட்டேன் டீச்சர், ஃபேனை மட்டும் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

புவி இணைப்பு

தேர்வு நாளன்று வந்த தேர்வாளர் சிரிக்காத மனிதர். பள்ளிக்கூடத்து பிளக்குகளை நம்ப முடியாது என்று சொந்தமாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் பையில் வைத்திருந்தார். செய்முறையில் பிள்ளைகள் யாரும் என்னைக் கைவிடவில்லை. வாய்மொழித் தேர்வில்தான் வினை வந்தது. தேன்மொழியைக் கூப்பிட்டு, கையிலிருந்த தாளைப் பார்த்து, "புவி இணைப்பின் பயன் யாது?" என்று வாசித்தார். நான் இரண்டு வருடமாக 'எர்த்து, எர்த்து' என்றே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் திருதிருவென்று விழித்து, "சார், அது ஜாக்ரபில வரும்" என்றாள். அவர் பேனா தாளில் ஏதோ சுழித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. உள்ளே போய்ச் சொல்லவும் முடியாது.

அவர் அடுத்த கேள்விக்குப் போகாமல், லேப்டாப்பில் சார்ஜ் குறைந்துவிட்டது என்று தன் பாக்ஸை எடுத்து பிளக்கைச் செருகப் போனார். "சார், குத்தாதீங்க!" என்று தேன்மொழி கத்தினாள். மூன்று கால் இருக்க வேண்டிய பிளக்கில் இரண்டுதான் இருந்தது. மேலே இருக்கிற பெரிய காலைக் காணோம். "அதுதான் சார் எர்த்து. எங்கயாவது கரன்ட் கசிஞ்சா நம்ம ஒடம்புல பாயாம அது வழியாத்தான் மண்ணுக்குப் போகும். அது இல்லாம குத்துனா நம்ம உசுருக்குக் கேரண்டி இல்ல சார்" என்று, கேட்ட கேள்விக்கு முழுப் பதிலையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் பிளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தாளில் சுழித்ததை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வீட்டு ஓட்டையில நுழையலன்னு நாந்தாம்மா அதை ரம்பத்தால அறுத்தேன்."

பூபதி வாங்கிய பட்டம்

பத்தொன்பது பேரும் பாஸ். சான்றிதழ்கள் வந்த அன்று லட்டு வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பூபதி மட்டும் வாங்கியதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யாருக்கும் காட்டாமல் மடித்தான். பிடுங்கிப் பார்த்தேன். பெயர் சரி, அப்பா பெயர் சரி. பிரிவு என்ற இடத்தில் 'பெண்கள் உடைத் தையல்' என்று அச்சடித்திருந்தது. எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் ஒரு வரிசை மாறிப் போயிருக்கிறது. வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் அவனுக்குப் பாலிடெக்னிக் கலந்தாய்வு.

திருத்தம் கேட்டு விண்ணப்பம் எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி, புதுக்கோட்டைக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். புதுச் சான்றிதழ் கலந்தாய்வுக்கு நான்கு நாள் முன்னால் கைக்கு வந்தது. பழையதைத் திருப்பிக் கேட்டேன். பூபதி தலையைச் சொறிந்தான்.

"அதைக் கேக்காதீங்க மிஸ், அதை நம்பி எங்க அத்தை ரெண்டு ஜாக்கெட் துணி எடுத்து வச்சுருக்கு."

கண்ணால் மட்டும்

தேன்மொழிக்கு விராலிமலைப் பக்கம் சுவிட்ச்போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் பயிற்சி வேலை கிடைத்தது. வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோவும் படிக்கலாம். சேருகிற நாளில் ஒரிஜினல் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்றார்கள். ஒரிஜினல் இருந்த இடம் அவர்கள் வீட்டுச் சாமி ரூம். பிரேம் போட்டு, நாலு மூலைக்கும் சந்தனம், குங்குமம் வைத்து முருகன் பக்கத்தில் மாட்டியிருந்தார் மலர்க்கொடி. வேலைக்குப் போகட்டும், சந்தோஷம். ஆனால் அதை மட்டும் சுவரிலிருந்து எடுக்க முடியாது என்று ஒரே பிடிவாதம். நான் நேரில் போய்ப் பேசினேன். காப்பி கொடுத்தார், சான்றிதழைக் கொடுக்கவில்லை.

சேர வேண்டிய திங்கட்கிழமை, என்ன ஆகுமோ என்று நானே லீவு போட்டுவிட்டுக் கம்பெனி வாசலுக்குப் போனேன். ஒன்பது மணி பஸ்ஸிலிருந்து தேன்மொழி இறங்கினாள். பின்னாலேயே அம்மா, வயர் கூடையில் துண்டு சுற்றிய பிரேமோடு. செக்யூரிட்டி முதல் ஆபீஸ் வரை எல்லோரும் வழிவிட்டார்கள்; நானும் பின்னாலேயே நுழைந்தேன். மேனேஜர் எழுந்து நின்று கையை நீட்டினார். மலர்க்கொடி துண்டை விலக்கி, பிரேமை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி அவர் பக்கம் திருப்பினார். அவர் குனிந்து, சந்தனத்துக்கு நடுவில் நம்பரைத் தேடிப் படித்து எழுதிக்கொண்டார். மகள் உள்ளே போனாள். மேனேஜர், ஒரு நிமிடம் கொடுங்கள், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார்.

"எம்மகளையே ஒங்ககிட்ட விட்டுட்டுப் போறேன் சார், இதைக் கண்ணால மட்டும் பாத்துக்குங்க."

இத்தனை பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போனால், பியூஸ் போன அன்றைக்கு மட்டும் என் கணவர் ரொம்ப அக்கறையாக, "நீ எதையும் தொடாத, எலக்ட்ரீஷியன் வரட்டும்" என்கிறார்.