பக்கந்தான் என்று கூட்டிப்போனவர்

சௌந்தரம் அண்ணன் இறந்துபோன செய்தி வந்தபோது நான் கடை வாசலில் ஒரு நெல் வியாபாரிக்குத் தார்ப்பாய் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். போனில் அவருடைய மச்சினன். "அண்ணே, மாமா போயிட்டாரு" என்றான். கை மட்டும் பழக்கத்தில் தார்ப்பாயின் முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தது. நெல் வியாபாரி என் முகத்தைப் பார்த்தார். "சாவுச் சேதியா? நான் பெறகு வாரேன்" என்று இறங்கிப் போனார். அடுத்த கடை அண்ணனுடையது. கொஞ்ச நாளாகவே அதன் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. போய் முழுசாக இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இதைப் படிக்கிற சிம்மக்கல் கடைத்தெருக்காரர்களுக்கு அவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேப்பர் தட்டு, பேப்பர் கப், பாக்குமட்டைத் தட்டு மொத்த வியாபாரம். மகான் என்றெல்லாம் எழுதமாட்டேன். வியாபாரத்தில் கறார். நனைந்த தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால், "மழையில வச்சது நீ, என் தட்டு என்ன செய்யும்?" என்று தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். உறவுக்கணக்கு இடிக்கும். நம் தெருவில் அதை யார் பார்க்கிறார்கள்? உங்களில் பலருக்குத் தெரியாதது அவருடைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள். அதைத்தான் எழுத வந்தேன்.

ஒரு கோடை விடுமுறையில் என் பிள்ளைகள் இரண்டும் கடையிலேயே கிடந்தன. நெடுஞ்சாலை ஓரத்தில் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா ஒன்று திறந்திருந்தார்கள். அங்கே கூட்டிப்போ என்று ஒரே நச்சரிப்பு. நானும் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட்டேன். அண்ணன் தன் கடைப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "மாப்ள, டிக்கெட் எடுத்து உள்ள போனா என்னாகும் தெரியுமா? குடுத்த காசுக்கு ஆடு, குடுத்த காசுக்குக் குளின்னு பிள்ளைகள நாமளே வெரட்டுவோம். டிக்கெட் இல்லாத எடத்துலதான் பிள்ளை சும்மா நிக்கும். சும்மா நிக்கிற பிள்ளைதான் நம்மகிட்டப் பேசும்" என்றார். நான் வியாபாரி. யார் பேச்சையும் இரண்டு தரம் உரசிப் பார்ப்பேன். அந்தப் பேச்சில் கலப்படம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு கடை ஷட்டரும் ஒன்றாக இறங்கின.

அவர் வழி எளிது. டவுன் பஸ் ஏறுவது, கடைசி ஸ்டாப்பில் இறங்குவது, அங்கே என்ன இருக்கிறதோ அதைப் பார்ப்பது. கண்மாய் இருந்தால் கண்மாய், பாறை இருந்தால் பாறை. என் கடையிலிருந்து ஒரு தார்ப்பாய், அவர் கடையிலிருந்து தட்டும் கப்பும், இரண்டு வீட்டிலிருந்தும் புளிச்சோறு, போகிற வழியில் அவித்த கடலை. "பொம்பளைகளுக்கு டவுன் பஸ் ஓசி. நீயும் நானும் பயலுகளுந்தான் மாப்ள டிக்கெட்டு. அரசாங்கமே நம்மள ஊர் சுத்தச் சொல்லுது" என்பார். அவர் மனைவி ஈஸ்வரி மதினியும் என் மனைவி லட்சுமியும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவார்கள், பிள்ளைகள் சமாதானம் செய்துவைக்கும்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கக் கூடாது. கிளம்புகிறவரிடம் 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று நம் வீடுகளில் சொல்வார்கள் அல்லவா? கேட்டே தீர வேண்டும் என்றால் 'தூரமா?' என்று கேட்பதுதான் மரியாதை. அண்ணன் அதையே பிள்ளைகளுக்கு விளையாட்டாக்கிவிட்டார். அவருடைய மகள் யாழினி, மகன் கவின், என்னுடைய இரண்டு, நாலு பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்று, "தூரமா? தூரமா?" என்று கத்தும். அவர் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பதில்தான் சொல்வார்: "பக்கந்தான்." ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் குலுங்கினாலும் பக்கந்தான்.

எதற்கு இந்த ரகசியம் என்று ஒருமுறை கேட்டேன். "இடத்துப் பேரச் சொல்லிட்டா அது பிள்ளைக்குக் குடுத்த வாக்கு மாப்ள. பஸ்ஸு வரலைன்னா, மழை வந்துட்டா, வாக்குத் தவறிரும். பேர் சொல்லாத சரக்குக்குக் கம்ப்ளெய்ன்ட் வராது" என்றார்.

செக்கானூரணியைத் தாண்டி ஒரு கடைசி ஸ்டாப்பில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, பாதியிலேயே அது நின்றும் போகிறது. பஸ்ஸை விட்டு இறங்கினோம். என் தோளில் தார்ப்பாய்ச் சுருள், அண்ணன் தலையில் தட்டுப் பெட்டி. எதிரே ஒரு கோவிலில் கிடா வெட்டு. துண்டை உதறிக்கொண்டு ஒரு பெரியவர் ஓடிவந்தார்.

"ஏய்யா, இதான் வர்ற நேரமா? சனம் பூராம் வெயில்ல காயுது! பந்தல் போட எம்புட்டு நேரம்யா காத்துக் கெடக்குறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "பஸ்ஸு லேட்டுண்ணே." என் பக்கம் திரும்பி, "மாப்ள, அந்த முனையப் பிடி" என்றார். இரண்டு வேப்பமரத்துக்கு நடுவில் என் தார்ப்பாய் பந்தலாகிவிட்டது. கட்டி முடித்து இறங்குகிறோம், நிஜப் பந்தல்காரர் மொபெட்டில் வந்து நின்றார். "எவன்யா எந்தொழில்ல கைய வைக்கிறது?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். விஷயம் தெரிந்ததும் ஊரே சிரித்தது. "வந்தது வந்துட்டீக, சாப்ட்டுத்தான் போகணும்" என்று அந்தப் பெரியவர் எங்களைப் பந்தியில் உட்காரவைத்தார், எங்கள் தட்டிலேயே. பிள்ளைகள் தண்ணீர் ஊற்றின. திரும்பி வரும்போது யாழினி ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்: "அப்பா, அடுத்த வாரமும் நமக்கு வேலை கெடைக்குமா?"

இன்னொரு நாள் ஆற்றுக்குப் போனோம். அணை திறந்து வைகையில் தண்ணீர் வருகிறது என்று அண்ணன் குடியிருந்த செல்லூர் முழுக்கப் பேச்சு. தரைப்பாலத்தில் நின்றோம். காய்ந்து கிடந்த மணலில் தண்ணீரின் தலை மெதுவாக ஊர்ந்து வந்தது. நுரையும் பிளாஸ்டிக்கும் செத்த கோழியும் முன்னால் வந்தன. லட்சுமி பிள்ளைகளின் கண்ணைப் பொத்தப் போனாள். "விடும்மா. மொதத் தண்ணி அழுக்காத்தான் வரும். அதையும் பாக்கட்டும். பின்னாடி நல்ல தண்ணி வரும்போதுதான் அருமை தெரியும்" என்றார் அண்ணன்.

அப்படிச் சொன்னவர்தான் தன் வியாதியை மறைத்தார். முதலில் கால் வீங்கியது. கடையில் நின்று நின்று வந்தது என்றார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்விட்டன என்று டாக்டர் சொன்னபோது ரொம்பத் தாமதமாகியிருந்தது. வாரத்தில் சில நாட்கள் ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். பிள்ளைகள் வாசலில் நின்று, "தூரமாப்பா?" என்று கேட்கும். "பக்கந்தான்" என்பார். அப்பா நல்ல இடமாகப் பார்த்துவைக்கப் போகிறார், பிறகு நம்மையும் கூட்டிப்போவார் என்று அந்தச் சின்னவன் கவின் என் மகனிடம் சொல்லியிருக்கிறான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, பெரியவ ஆறாவது படிக்கிறா. அவகிட்டயாச்சும் சொல்லிருங்க. அழுக்குத் தண்ணியப் பாக்கட்டும்னு சொன்ன ஆளு நீங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் கப் கட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். "அது ஆத்துத் தண்ணி, மாப்ள" என்றார். பிறகு, "சொல்லிட்டா ஞாயித்துக்கெழமை செத்துப்போகும். எனக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்."

அவர் சொன்னதும் நியாயம், நான் சொன்னதும் நியாயம். அப்போதும் எனக்கு எது சரி என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

கடைசியாக அவரோடு போனது விமானம் பார்க்க. அவரால் நடக்க முடியவில்லை, ஆட்டோ வைத்துக்கொண்டோம். விமான நிலையச் சுவருக்கு வெளியே ரோட்டோரம் தார்ப்பாயை மடித்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். சுண்டல்காரர் வந்தார், அண்ணன் வாங்கி நாலு பேருக்கும் கொடுத்தார், தான் தொடவில்லை. ஒரு விமானம் தலைக்கு மேல் எழும்பியது. "இது எங்க போகுது?" என்று என் மகள் கேட்டுவிட்டாள். கவின் அவள் வாயைப் பொத்தினான். "எங்கன்னு கேக்கக் கூடாதுடி! தூரமான்னு கேளு!" அண்ணன் சிரித்தார். ஈஸ்வரி மதினி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். யாழினி விமானத்தைப் பார்க்கவில்லை. அவள் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவு வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. செல்லூரில் அவர்கள் சந்து குறுகல். பாடையைத் திருப்பவே இடம் இல்லை. பிள்ளைகளை உள்ளே வைத்திருக்கச் சொல்லியிருந்தோம், கூட்டத்தில் எப்படியோ வெளியே வந்துவிட்டார்கள். தூக்கும்போது கவின், தன் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரின் வேட்டியைப் பிடித்து இழுத்தான். அவர் தூரத்துச் சொந்தம், இந்த வீட்டு விளையாட்டு எதுவும் தெரியாதவர்.

"அப்பா தூரமாப் போறாரா?"

அவர் குனிந்து, அன்பாகத்தான் சொன்னார்: "இல்லப்பா. பக்கந்தான். தத்தனேரிதான்."

செல்லூரிலிருந்து தத்தனேரிச் சுடுகாடு பக்கந்தான். அவர் மேல் என்ன தப்பு? கவின் தலையாட்டிக்கொண்டான். யாழினி அவன் பின்னால் நின்றிருந்தாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு உள்ளே போனாள். சங்குச் சத்தத்தை விட அது எனக்குப் பெரிதாகக் கேட்டது.

காரியம் முடிந்தது. கவினுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை, வா என்றால் வருவான். யாழினி பள்ளிக்கூடம் தவிர எங்கேயும் வர மறுத்துவிட்டாள். ஈஸ்வரி மதினி பால் வாங்க இறங்கினால்கூட, "எங்க போற? எப்ப வருவ?" என்று வாசலை மறித்து நிற்கிறாள். வீட்டுக்கு வந்த பெரியவர்கள், "போறப்ப எங்கன்னு கேக்காதடி, சகுனம் ஆகாது" என்று அதட்டியிருக்கிறார்கள். அவள் கேட்பதை நிறுத்தவில்லை. மதினி எனக்குப் போன் செய்து, "நீங்க கூப்ட்டா வருவாளோ என்னமோ. இவ இப்படியே வீட்டுக்குள்ள அடஞ்சுருவாளோன்னு பயமா இருக்கு தம்பி" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு லட்சுமியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு செல்லூர் போனேன். யாழினி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"எங்க மாமா போறோம்?"

லட்சுமி என் கையைத் தொட்டாள். சொல்லாதீர்கள் என்றா, சொல்லுங்கள் என்றா, தெரியவில்லை. அண்ணன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதை என்னால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"திருவாதவூரும்மா. மாட்டுத்தாவணியில பஸ் ஏறணும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும்."

"திரும்பி வர்ற பஸ்ஸு எப்ப?"

இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் அதைக் கேட்டதே இல்லை. வந்தபோது ஏறுவோம், அவ்வளவுதான். "தெரியலையேம்மா. இரு, கேட்டுட்டு வாரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணி போய், டைம் கீப்பரிடம் விசாரித்து, திரும்பி வந்து சொன்னேன். போகிற பஸ்ஸே அங்கே கொஞ்ச நேரம் நின்று அப்படியே திரும்புமாம். அவள் யோசித்தாள். செருப்பைப் போட்டாள்.

திருவாதவூரில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. "இந்த பஸ்ஸுதான திரும்பும்? நான் இதுலயே இருக்கேன்" என்றாள். கண்டக்டர், "பாப்பா, எறங்கி டீ கீ குடிச்சுட்டு வா, பஸ்ஸு எங்கயும் ஓடிறாது" என்று சொல்லிப் பார்த்தார். அவள் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவினும் என் பிள்ளைகளும் கண்மாய்க் கரையில் கத்துவது ஜன்னல் வழியாகக் கேட்டது. நானும் இறங்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து ஹாரன் அடித்தார், மற்றவர்கள் ஓடிவந்து ஏறியதும் வண்டியைத் திருப்பினார்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்க்கொண்டிருக்கிறோம். அவள் இன்னும் இறங்கவில்லை. சௌந்தரம் அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த மத்தியானம் ஒன்றுதான், அதை நான் எந்த வாடிக்கைக்காரருக்காகவும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இடத்தின் பெயரை முதலிலேயே சொல்கிறேன், திரும்பும் நேரத்தையும் கேட்டுவைத்துச் சொல்கிறேன். அதற்கு அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவள் இறங்குகிற வரைக்கும், நிற்கிற பஸ்ஸில் அவளுக்கு அடுத்த சீட்டு என்னுடையது.