எட்டாவது கட்டு

காலர் அக்காவின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஆயிரத்து நூறு பக்கத்தில் வந்த ஒரு நாவல். சட்டை தைக்கும் கம்பெனியில் பதினான்கு வருடமாகக் காலர் மட்டுமே தைப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஒரு காலரில்கூட முனை கோணிவிட்டது என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவளை வரிசையில் மூன்றாவதாக நிறுத்திவிட்டார்கள்.

நாவலை வாங்கியவள், தைத்து வரும் சட்டைகளில் பிழை பார்க்கும் செக்கிங் அக்கா. மந்திர நதி, சிம்மாசனம் பறிபோன ராணி, பறக்கும் பாம்பு எல்லாம் இருக்கிற தடிப் புத்தகம். மூன்று பேர் ஒரே சமயத்தில் படிப்பதற்காகத் துணி வெட்டும் கத்தியால் அதை எட்டாகப் பிளந்தார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிற நூலில் முதுகுத் தையல் போட்டுக் கொடுத்தது காலர் அக்காதான். கெட்டி ஊசி அவள் மெஷினில்தான் இருந்தது. அதிலும் இரண்டு ஊசி முறிந்தது. ஆனால் யார் முதலில் படிப்பது என்று பேச்சு வந்தபோது செக்கிங் அக்கா, "நீ எழுத்துக்கூட்டி மெதுவாத்தான் படிப்ப. கடைசியா வாங்கிக்க" என்று சொல்லிவிட்டாள். இரண்டாவது இடம் நாத்தனாருக்குப் போனது. பட்டன் ஓட்டை போடும் காஜா மெஷினில் உட்கார்ந்திருப்பவள், புருஷனின் தங்கை, ஒரே வீடு.

ஒரே வீடு என்பதுதான் தொல்லை. நாத்தனார் எப்போதும் ஒரு கட்டு முன்னால் இருப்பாள். கூடத்தில் உட்கார்ந்து படித்துவிட்டுத் தானாகச் சிரிப்பாள், மூக்கை உறிஞ்சுவாள். காலர் அக்காவுக்கு அந்த நாவலில் உயிர் என்றால் ஓடக்காரன்தான். இருபத்தாறு வயசு. அந்த நதியை ஒரு தடவை கடந்தால் துடுப்புப் போடுகிறவனின் ஆயுளில் ஒரு வருடம் போய்விடும். அது தெரிந்தும் கேலி பேசிக்கொண்டே அக்கரை போய் வருவான். கல்யாணமான நாளிலிருந்து இன்னொரு ஆண்பிள்ளையை அவள் இவ்வளவு நினைத்ததில்லை. ஆனால் அவன் மனம் கலங்குகிற ஒவ்வொரு பக்கமும் அவள் கைக்கு வரும்போதே நாத்தனாரின் கண்ணீர் பட்டு உப்பியிருக்கும். யாரோ சாப்பிட்ட தட்டில் சாப்பிடுவது போல இருந்தது. அவளுக்கு அழுகையே வராது.

ஏழாவது கட்டைப் படித்த அன்று நாத்தனார் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தேம்பினாள். மாமியார் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினாள். ஆறாவது கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலர் அக்கா என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"சொன்னா உங்களுக்குக் கதை கெட்டுப்போயிடும் அண்ணி" என்றாள் நாத்தனார். அந்தப் பெருந்தன்மையில்தான் காலர் அக்காவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இந்தக் கதை முடியும்போதாவது, ஒரே ஒரு தடவை, ஓடக்காரனிடம் இவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

வாய்ப்பு தானாக வந்தது. பல் பிடுங்க நாத்தனார் இரண்டு நாள் லீவு போட்டாள். எட்டாவது கட்டை முடித்துவிட்ட செக்கிங் அக்கா, நாத்தனாரிடம் கொடுத்துவிடச் சொல்லி அதைக் காலர் அக்கா கையில் திணித்தாள். கறுப்பு நூல் தையல், அவளே போட்டது. வீட்டில் நாத்தனார் கேட்டபோது, செக்கிங் அக்கா இன்னும் முடிக்கவில்லையாம் என்று கூசாமல் சொன்னாள்.

சாப்பாட்டு நேரத்தில் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னாலும், வீட்டில் துணி எடுக்கப் போகிற சாக்கில் மொட்டைமாடியிலும் உட்கார்ந்து படித்தாள். செக்கிங் அக்கா கல்நெஞ்சுக்காரி, ஒரு பக்கத்திலும் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. முதல் பக்கத்திலேயே படகு மட்டும் ஆளில்லாமல் கரைக்கு வந்தது. நடுவில் ஒரு கிழவனின் உடல் ஒதுங்கியது. தலை முழுக்க நரை. ராணி முதலில் யாரோ என்று தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து, துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையைப் பார்த்து அலறினாள். காலர் அக்கா துணிக் கூடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலும் முந்திக்கொண்டோம் என்று ஒரு சந்தோஷம். ஏழாவது கட்டைத் தாண்டி வந்துவிட்டதால், அவன் எதற்காக அத்தனை தடவை நதியைக் கடந்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் செக்கிங் அக்கா நாத்தனாரிடம், முடித்துவிட்டாயா என்று கேட்டதில் குட்டு உடைந்தது. நாத்தனார் சண்டை போடுவாள் என்று காலர் அக்கா பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். அவளோ வீட்டுக்கு வந்ததும் ஏழாவது கட்டை எடுத்து நீட்டினாள்.

"ஏழைப் படிக்காம எட்டைப் படிச்சீங்களா அண்ணி? ஐயோ, பாவம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நாத்தனார் கையில் எட்டு, காலர் அக்கா கையில் ஏழு. தீப்பிடித்த தீவிலிருந்து குழந்தைகளை இரண்டிரண்டாக ஏற்றிக்கொண்டு ஓடக்காரன் போய்ப் போய் வந்தான். ஏன் உன் தலை வெளுக்கிறது என்று ஒரு குழந்தை கேட்டதற்கு, மாவு மூட்டைக்குப் பக்கத்தில் தூங்கினேன் என்றான். அந்த இடத்தில் பக்கம் உப்பியிருந்தது. இந்தத் தடவையோடு நிறுத்திவிடுவான் என்று நம்பி நம்பி நாத்தனார் இங்கே அழுதிருக்கிறாள். காலர் அக்காவுக்கு நம்புவதற்கு ஒன்றும் இல்லை. பிணத்தைப் பார்த்துவிட்டு வந்து அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படகு மட்டும்தான் வந்திருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார், வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி. "ஆனா அவன் நீந்தி வந்துடுவான். நீங்க வேணா பாருங்க."

முகமெல்லாம் நம்பிக்கை. இத்தனை நாளும் முன்னால் போனவளைப் பார்த்து வெந்தவள், இப்போது பின்னால் வருகிறவளைப் பார்த்து அதைவிட அதிகமாக வெந்தாள். ஒரு வார்த்தை போதும், இருவரும் சமமாகிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த உடல் கரை ஒதுங்க இன்னும் நாற்பது பக்கம். இவள் படிக்கிற வேகத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அதுவரைக்கும் அவன் இந்த வீட்டில் ஒருத்திக்காவது உயிரோடு இருக்கிறான்.

"மெதுவாப் படிடி" என்றாள் காலர் அக்கா.

நாத்தனார் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள்.